பதினெட்டுக்கு அப்புறம்

"பதினெட்டுக்கு அப்புறம் என்ன வரும்?" டீச்சர் மறுபடியும் கேட்டார்.

"இருபத்தொண்ணு," என்றாள் சுண்டு.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

சுண்டு நல்லா யோசித்தாள். முன்பற்கள் இரண்டும் விழுந்து காலியாகக் கிடந்த இடத்தில் நாக்கின் நுனியை நுழைத்து ஆட்டினால்தான் அவளுக்கு யோசனை ஓடும். ஆட்டி முடித்தாள். "இருபத்தொண்ணுதான் டீச்சர்." கோர்ட்டில் சாட்சி சொல்பவர்களுக்குக்கூட அவ்வளவு உறுதியான குரல் வாய்க்காது.

இரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால்கள் காதைத் தொடும்படி மடங்கி உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா அசடு வழியச் சிரித்தார்.

"அவசரத்துல ரெண்டைத் தாண்டிட்டா டீச்சர். வீட்டுல எல்லாம் கரெக்டா சொல்லுவா."

வீட்டில் அவர் இதுவரை கேட்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

"தாண்டிட்டாளா? இருபத்தெட்டுக்கு அப்புறம் என்னன்னு நீங்களே கேளுங்க சார்."

அவர் கேட்டார்.

"முப்பத்தொண்ணு," என்றாள் மகள், அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கத்தோடு.

"முப்பத்தெட்டுக்கு அப்புறம்?"

"நாப்பத்தொண்ணு."

டீச்சர் சாக்பீஸை மேஜையில் வைத்தார். "ஒன்பதும் பூஜ்யமும் இவளுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சுன்னு தெரியல சார். ரெண்டையும் ஊரை விட்டே துரத்திட்டா."

குழந்தைகளை விளையாட அனுப்பிவிட்டு, டீச்சர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நல்ல டீச்சர். கோபம் வந்தால் கத்த மாட்டார், பல்லைக் கடித்துக்கொள்வார். அன்று கடித்த சத்தம் சுண்டுவின் அப்பா காதுக்கே கேட்டது.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஹெச்.எம். மேடம் வகுப்புக்கு வர்றாங்க. ஒவ்வொரு பிள்ளையும் நூறு வரைக்கும் சொல்லணும். சொல்லாத பிள்ளையை ஒண்ணாம் வகுப்புல உட்கார வச்சிருவாங்க. படிக்கிறதுல, எழுதுறதுல எல்லாம் இவ கெட்டிக்காரி. ஆனா எண்ணத் தெரியலைன்னா நான் என்ன சொல்லி நிறுத்துறது?"

"வெள்ளிக்கிழமை வேண்டாம் டீச்சர், நாளைக்கே பாருங்க. எண்ணுறது என் தொழில்."

இது மட்டும் பொய் இல்லை. அவர் ஒரு பென்சில் தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசர். பத்துப் பென்சில் ஒரு கட்டு. பத்துக் கட்டு ஒரு டப்பா. பத்து டப்பா ஒரு பெட்டி. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று பாடப்புத்தகத்தில் கட்டம் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தக் கட்டங்களுக்குள்தான் அவர் காலையில் நுழைந்து மாலையில் வெளியே வருவார். தூக்கத்தில் புரண்டு படுத்தால்கூடப் பத்துப் பத்தாகத்தான் புரள்வார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவருடைய மகளுக்குப் பத்தொன்பது தெரியவில்லை! வெளியே தெரிந்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? வெளியே என்ன, வீட்டுக்குள் தெரிந்தாலே போயிற்று.

அவர் மனைவி பல் டாக்டர். இனிப்பு என்ற சொல்லைக்கூட அந்த வீட்டில் மெதுவாகத்தான் உச்சரிக்க வேண்டும். சுண்டு பிறந்த மாதமே இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி, மருந்து, பல், காய்ச்சல் எல்லாம் அம்மா. கணக்கு அப்பா. "உன் தலையீடே இல்லாம இவளை நான் கணக்குல புலியாக்கிக் காட்டுறேன் பாரு," என்று சவால் வேறு விட்டிருந்தார்.

"ஸ்கூல்ல எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று இரவுச் சாப்பாட்டின்போது டாக்டர் கேட்டாள்.

"சும்மாதான். கணக்குல ஒரு சின்னச் சறுக்கல்."

"அது உங்க டிபார்ட்மென்ட்டு," என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மேலே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். நமக்கு அதிர்ஷ்டம், கேட்கவில்லை.

மறுநாளே சூப்பர்வைசர் தொழிற்சாலையிலிருந்து ஒரு பை நிறைய, முனை உடைந்து ஒதுக்கப்பட்ட பென்சில்களைக் கொண்டுவந்தார். கூடவே ரப்பர் வளையங்கள். கூடத்தில் பாயை விரித்துப் பென்சில்களைக் கொட்டினார்.

"இங்க பாரு சுண்டு. உதிரியாக் கிடந்தா ஒண்ணு ஒண்ணு. ஒரு கட்டு நிறைஞ்சதும் வளையம் போட்டு இடது பக்கம் தள்ளிடணும். அப்புறம் மறுபடியும் உதிரி. புரியுதா?"

"புரியுதுப்பா. நிறைஞ்சதும் அடுத்த இடத்துக்குப் போயிடணும்."

"என் ராசாத்தி! நீயே கட்டு பார்க்கலாம்."

சுண்டு கட்டினாள். கை என்னமாய் ஓடியது! பேக்கிங் பிரிவில் சேர்த்துவிடலாமா என்று அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. மளமளவென்று கட்டுகள் வரிசையாக நின்றன. அவர் ஒன்றை எடுத்து, தொழில் பழக்கத்தில் கையால் எடை பார்த்தார். குறைகிறதே என்று கை சொன்னது. எண்ணிப் பார்த்தார். கை சொன்னது சரி.

"என்னம்மா இது, எட்டுதான் இருக்கு?"

"ஆமா. எட்டுதானே."

அடுத்த கட்டை எடுத்தார். எட்டு. அதற்கடுத்தது. எட்டு. தவறுதலாகக்கூட ஒன்றில் ஏழோ ஒன்பதோ இல்லை. அந்த ஒழுங்கைப் பார்த்ததும்தான் அவருக்குப் பயம் வந்தது. தப்பு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்க வேண்டாமா?

"பத்து வைக்கணும்டா. இன்னும் ரெண்டு வேணும்."

"அவ்வளவு யாருக்குமே கிடையாதுப்பா!"

"யார் சொன்னா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எங்க ஃபேக்டரில பத்துதான்."

சுண்டு அப்பாவைச் சற்று நேரம் பார்த்தாள். அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "சரிப்பா. உங்க ஃபேக்டரில பத்து," என்று விட்டுக்கொடுத்தாள்.

சரி, கட்டுகளில்தான் கோளாறு, பூஜ்யத்திலிருந்து வருவோம் என்று முடிவு செய்தார். பூஜ்யம் புரிந்தால் இருபது புரியும், இருபது புரிந்தால் எல்லாம் புரியும். மறுநாள் மாலை, மகளை அழைத்துவர கிளினிக்குக்குப் போனார். பள்ளி விட்டதும் வேன் அவளை அங்கேதான் இறக்கிவிடும். அப்பாவின் ஷிஃப்ட் முடியும்வரை, அம்மா வேலை பார்க்கும் அறையின் மூலையில் இருக்கும் சுழல் நாற்காலியில் அவள் சுற்றிக்கொண்டிருப்பாள். சூப்பர்வைசர் வாசல் வரைதான் வருவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. உள்ளேயிருந்து வரும் அந்த 'ஙொய்ய்' சத்தம் கேட்டாலே அவருக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊரும். அவ்வளவு வீரர்.

நடந்து வீடு திரும்பும்போதே பாடத்தைத் தொடங்கினார்.

"பூஜ்யம்னா என்ன?"

"ஒண்ணும் இல்லாதது."

"ஒண்ணும் இல்லாததை எதுக்கு எழுதணும்? விட்டுடலாமே?" என்று ஒரு கொக்கி போட்டார். பெரிய மேதைகள் எல்லாம் தடுக்கி விழுந்த கொக்கி என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

சுண்டு நடையை நிறுத்தவில்லை. "விடக் கூடாதுப்பா. விழுந்துட்டாலும் இடம் அப்படியேதானே இருக்கு? பக்கத்துல இருக்கறதோட நம்பர் மாறாது இல்ல?"

சூப்பர்வைசர் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் சைக்கிளில் வந்தவர் மணியடித்து, திட்டி, இறங்கி, அவரைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் நகரவில்லை. இல்லாததற்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் காலியாகவாவது வைத்திருந்தால்தான் மற்றவை தத்தம் இடத்தில் நிற்கும். பென்சில் பெட்டிகளோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் அவருக்குத் தோன்றாத ஒன்றை ஓட்டை வாய் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுக் குதித்துக் குதித்துப் போகிறது அது!

"சுண்டு! அப்படின்னா பதினெட்டுக்கு அப்புறம்?" ஓடிப்போய்க் கேட்டார்.

"இருபத்தொண்ணு."

அவரும் பல்லைக் கடித்தார்.

இனிமேல் விளக்கமெல்லாம் உதவாது, மனப்பாடம்தான் வழி என்று அடுத்த கட்டத்துக்குப் போனார். பஸ்ஸில், படியில், குளியலறைக் கதவுக்கு வெளியே, பல் தேய்க்கும்போது, எப்போதும் எண்ணிக்கைதான். அவர் ஒன்று சொல்ல, அவள் அடுத்ததைச் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், சுண்டுவின் எண்ணிக்கைக்கு ஒரு தாளம் இருந்தது. எட்டு அடி நடந்து ஒரு தாவு, எட்டு அடி நடந்து ஒரு தாவு. கேட்கக் கேட்க உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரே காலால் தாளம் போட ஆரம்பித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போதாக்குறைக்கு, ஒருநாள் காலை நாற்பத்தெட்டில் வந்து அவள் சட்டென்று நின்றாள்.

"அப்புறம்?"

"பெரியவங்களுக்கா, சின்னவங்களுக்கா?"

"எண்ணுல பெரியவங்க சின்னவங்க எல்லாம் கிடையாதும்மா!"

"இருக்குப்பா. பெரியவங்களுக்கு நாப்பத்தெட்டோட முடிஞ்சிடும். சின்னவங்களுக்கு அம்பத்தொண்ணு."

"சரி தாயே, சின்னவங்களுக்கே வச்சுக்கோ. அம்பத்தஞ்சுக்கு அப்புறம்?"

"அறுபத்தொண்ணு."

சூப்பர்வைசர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இதுவரை எட்டோடாவது நின்றது. இப்போது ஐந்திலேயே நின்றுவிட்டது. மருந்து கொடுக்கக் கொடுக்க வியாதி முற்றுகிறது!

அன்று தொழிற்சாலையில் பெரிய சரக்கு ஒன்று லாரி ஏறியது. ஒவ்வொரு பெட்டியிலும் பட்டை மார்க்கரால் வரிசை எண் போடுவது சூப்பர்வைசரின் வேலை. கை எழுதிக்கொண்டிருந்தது. வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. லாரி போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் மேனேஜர் அறையில் போன் அலறியது.

"பத்தொன்பதாம் பெட்டி எங்கே? இருபதாம் பெட்டி எங்கே? இருபத்தொன்பது, முப்பது? வழியில் இறக்கி வித்துட்டாங்களா?" என்று வாங்கியவர் கத்தினார். டிரைவர், தான் திருடன் இல்லை என்று அழாத குறையாகச் சத்தியம் செய்தார். லாரி அப்படியே திரும்பி வந்தது. எல்லாவற்றையும் இறக்கி எண்ணினார்கள். சரக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. எண்கள்தான் ஆளைக் காணோம்.

மேனேஜர் ஒரு பெட்டியையும் அதற்கடுத்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினெட்டுக்கு அப்புறம் இருபத்தொண்ணுன்னு எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"என் பொண்ணோட ஸ்கூல்லதான் சார்," என்று வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"அப்ப இன்னிக்கு லீவு எடுத்துக்கிட்டு அந்த ஸ்கூலுக்கே போங்க. இடம் இருந்தா நீங்களும் சேர்ந்துக்குங்க."

போனார். அங்கே நிலைமை லாரியைவிட மோசமாக இருந்தது.

மைதானத்தில் கண்ணாமூச்சி நடந்துகொண்டிருந்தது. மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு பொடியன் எண்ணிக்கொண்டிருந்தான்: "பதினேழு, பதினெட்டு, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு..." ஒளியப் போன பிள்ளைகள் பாதி வழியிலேயே அகப்பட்டு, இது அநியாயம் என்று கத்தினார்கள். ஆனால் தங்கள் முறை வந்ததும் அவர்களும் அதையே எண்ணினார்கள். பத்துக்கு இரண்டு மிச்சம் என்றால் எந்தக் குழந்தைதான் விடும்? இரண்டாம் வகுப்பு முழுக்கப் பத்தொன்பதும் இருபதும் வழக்கொழிந்துவிட்டன. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஊரே அப்படித்தான் எண்ணியிருக்கும்.

டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார். இடது கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது.

"வாங்க சார். நேத்து உங்க பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு உட்கார வச்சேன். இருபத்தேழுன்னு எழுதி, இந்த ரெண்டு என்ன சொல்லுதுன்னு கேட்டேன். 'எந்த இடம்னு சொல்லுது டீச்சர்'னா. சரி, ஏழு என்ன சொல்லுதுன்னேன். 'அந்த இடத்துல எத்தனாவதுன்னு சொல்லுது'ன்னா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு சார். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பிள்ளை இவ்வளவு தெளிவாச் சொல்லி நான் கேட்டதில்ல. ஒரே ரெண்டுதான், ஆனா நிக்கிற இடத்தைப் பொறுத்து அதோட மதிப்பே வேறன்னு புரிய வைக்க நாங்க படாதபாடு படுறோம். பதினாறுல இருக்கற ஒண்ணைக் காட்டி இது எத்தனைன்னு கேட்டா, பாதி வகுப்பு ஒண்ணுன்னுதான் சொல்லும். இவ அதையெல்லாம் தாண்டிட்டா."

"அப்படிப் போடு!" சூப்பர்வைசர் நிமிர்ந்தார்.

"உடனே, இருபத்தெட்டுக்கு அப்புறம் என்னன்னு கேட்டேன்."

சூப்பர்வைசர் மறுபடி குனிந்தார்.

"முப்பத்தொண்ணுன்னா. அப்பக் கடிச்சேன் பாருங்க பல்லை, கடைவாயில 'நறுக்'னு ஏதோ ஆச்சு. ராத்திரி பூரா தூங்கல." டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. தெரியாத பிள்ளைன்னா தடுமாறும். இவ தடுமாறவே மாட்டேங்கறா. எங்கேயோ வேற ஒரு ஊர்ல எல்லாரும் இப்படித்தான் எண்ணுற மாதிரியும், அங்கேருந்து இவ வந்திருக்கற மாதிரியும்..."

அன்று மாலை வீட்டில் சுண்டு பென்சில் கட்டுகளைத் தொடவில்லை. "எண்ணலாம் வா" என்றதும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட ஆரம்பித்தாள்.

"என்னடா கண்ணு?"

"எனக்குக் கணக்கு வராதுப்பா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரிஞ்சிடுச்சு." கடைசி வளையத்தையும் போட்டு மூடினாள். "ஒண்ணாம் வகுப்பு பெஞ்சு ரொம்பச் சின்னதுப்பா. என் கால் இடிக்கும்."

இதுவரை சூப்பர்வைசருக்கு வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, வேலை போய்விடுமோ என்றிருந்தது. இப்போது அதெல்லாம் ஓடிப்போய் வேறொன்று வந்து உட்கார்ந்தது. தப்பாகச் சொன்னாலும் எவ்வளவு சத்தமாகச் சொல்லுவாள்! எண்ணைப் பார்த்தால் அப்படி ஒரு கும்மாளம்! பெஞ்சு சின்னதாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். "எனக்கு வராது" என்று இந்த வயதில் ஒரு குழந்தை தன்னைத் தானே மூடி வைத்துவிட்டால், அந்த டப்பாவை அப்புறம் யார் திறப்பது? அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் எத்தனை பேர் அதை இன்னும் மூடியே வைத்திருக்கிறார்கள்!

எப்படியாவது வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட வேண்டும். டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் ஹெச்.எம். கேட்பார். டீச்சரைச் சொல்லவைப்பது எப்படி?

டீச்சரின் உப்பிய கன்னம் கண்முன் வந்தது. சூப்பர்வைசரின் மூளையில் விளக்கு எரிந்தது. இந்தக் கதையில் அவருடைய மூளையில் விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்பதை அவர் ஒருகணம் யோசித்திருக்கலாம்.

"ஏம்மா, சுண்டுவோட டீச்சருக்குப் பல்வலியாம். நாளைக்கு நீ கொஞ்சம் பார்க்கிறியா?"

"தாராளமா கூட்டிட்டு வாங்க," என்றாள் டாக்டர். "ஆமா, அந்தச் சறுக்கல் என்ன ஆச்சு?"

"நிமிர்ந்துக்கிட்டே இருக்கு."

வியாழக்கிழமை மாலை டீச்சரைக் கிளினிக்குக்கு அழைத்துவந்துவிட்டார். வாசலிலேயே சுண்டுவைப் பிடித்துக் குனிந்து காதில் சொன்னார்: "தங்கம், டீச்சர் இங்க இருக்கற வரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு நம்பரும் வரக் கூடாது. ஒண்ணே ஒண்ணுகூட."

சுண்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அப்படியே போய் மூலையில் இருந்த சுழல் நாற்காலியில் ஏறிக்கொண்டாள்.

டீச்சரும் டாக்டரும் தனியாகப் பேச ஆரம்பித்தால் குட்டு உடைந்துவிடும். வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர், தன் வாழ்நாளில் முதல் முறையாக, எறும்பு ஊரும் முதுகோடு அந்த அறைக்குள் நுழைந்தார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"உங்க பொண்ணைப் பத்தி ஒரு விஷயம் டாக்டர்..." என்று டீச்சர் தொடங்கினார்.

"வாயைத் திறங்க டீச்சர், வாயைத் திறங்க. வலி முக்கியம்," என்று சூப்பர்வைசர் குறுக்கே விழுந்தார்.

"நீங்களா டாக்டர், நானா?" என்றாள் மனைவி.

"இல்ல, நாளைக்கு வெள்ளிக்கிழமைங்கறதால..." டீச்சர் மறுபடியும் முயன்றார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வலி போயிடும் டீச்சர்! நல்லாப் பெருசாத் திறங்க!"

டாக்டர் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியைச் சாய்த்தாள். விளக்கைக் கீழே இழுத்தாள். டீச்சர் ஆவென்று வாயைத் திறந்தார். சின்னக் கண்ணாடி உள்ளே போனது. இனி டீச்சர் பேச முடியாது. சூப்பர்வைசர் அப்பாடா என்று மூச்சு விட்டார். நாற்காலிக்கு அந்தப் பக்கம், மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக உதவியாளர் பெண் தயாராக உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் புதிது. சுண்டு அவளை அக்கா என்பாள்; அவள் சுண்டுவைப் பாப்பா என்பாள்.

"வலிக்கற பல்லுக்கு அப்புறமா வரேன் டீச்சர். முதல்ல எல்லாத்தையும் வரிசையா எண்ணிடுவோம்," என்றாள் டாக்டர்.

'எண்ணி' என்ற சொல்லைக் கேட்டதும் சூப்பர்வைசர் சட்டென்று தலையைத் திருப்பினார். மூலையைப் பார்த்தார். சுண்டு இரண்டு கைகளையும் இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டாள். கைகளுக்கு மேலே கண்கள் மட்டும் மினுமினுத்தன. நாற்காலி மெல்ல இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது.

டாக்டர் மேல்வரிசையில், நட்டநடுவிலிருந்து வலதுபுறமாக ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டே போனாள். பல்லுக்கு எண் சொல்லும்போது இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் படித்த படிப்பு. இத்தனை நோயாளிகளுக்கு நடுவே அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? அவள் சாதாரணமாகவே சொல்லிப் பழகிவிட்டாள்.

"பதினொண்ணு, சரி. பன்னெண்டு, சரி."

முதல் பல்லையே ஏன் பதினொன்று என்கிறாள் என்று சூப்பர்வைசர் யோசித்தார். ஏற்கெனவே பத்தை எண்ணிவிட்டாளோ?

"பதிமூணு, சரி. பதினாலு, பதினஞ்சு, ரெண்டும் சரி. பதினாறு, பழைய அடைப்பு. பதினேழு, லேசாத் தேய்ஞ்சிருக்கு."

சுழல் நாற்காலியின் ஆட்டத்தில் ஒரு தாளம் இருந்தது. அந்தத் தாளம் சூப்பர்வைசரின் காலில் இருந்தது. அவருக்குத் தெரியாமலே அவருடைய செருப்பு தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு." டாக்டர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஞானப் பல். உங்களுக்கு அது முளைக்கவே இல்ல டீச்சர். இடம் மட்டும் இருக்கு. சரி, இந்தப் பக்கம் எட்டும் முடிஞ்சது." கண்ணாடியை நடுவுக்குக் கொண்டுவந்து இடதுபுறம் திருப்பினாள். "அடுத்தது?"

வாயைத் திறந்தபடியே டீச்சரின் கண்கள் மெதுவாக அகன்றன. சூப்பர்வைசரின் கால் அந்தரத்தில் நின்றது. சுண்டு, பாவம், மூச்சையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தாள்.

உதவியாளர் அட்டையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இருபத்தொண்ணு டாக்டர். நான் சேர்ந்த புதுசுல திணறினப்ப பாப்பாதானே எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு, முதல் நம்பர் வாயில எந்த இடம், ரெண்டாவது நம்பர் அங்க எத்தனாவது பல்லு, பெரியவங்களுக்கு எட்டு, சின்னவங்களுக்கு அஞ்சு, இல்லாத பல்லுக்கும் இடம் உண்டுன்னு!"